‘பயனில்லை’ என்று எழுதிய வரி
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



மருத்துவபீடத்தில் படித்த காலத்தில், போலிப் பரம்பரையலகுகள் பற்றி எனது கொப்பியில் ஒரே வரிதான் எழுதியிருந்தேன்: “பழுதடைந்த பிரதிகள், பயனில்லை.” அந்த வரியைத் திருத்தவே இன்று பேசுகிறேன்.

புரதம் ஒன்றை ஆக்குவதற்கான குறிப்பே பரம்பரையலகு. கூர்ப்பின் போக்கில் சில குறிப்புகள் பிரதியாகி, பின் பிழைகள் சேர்ந்து, புரதம் ஆக்க முடியாதவை ஆகின. 1977இல் இவற்றுக்குப் ‘போலி’ என்று பெயர் வந்தது. மனிதரில் புரதம் ஆக்கும் பரம்பரையலகுகள் ஏறத்தாழ 20,000. போலிகளும் 10,000க்கு மேல் உள்ளன.

சில உண்மையிலேயே பழுதானவைதான். விற்றமின் சி ஆக்கும் பரம்பரையலகு எம்மில் பழுதடைந்ததால்தான் நெல்லியையும் கொய்யாவையும் தேடி உண்கிறோம்.

ஆனால் பிடென் என்ற பரம்பரையலகைப் பாருங்கள். அது புற்றுநோயைத் தடுக்கும் காவலாளி. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்னும் சிறு மூலக்கூறுகள் அதை அடக்குகின்றன. பிடெனுக்கு ஒரு போலி உண்டு. அதன் ஆர்.என்.ஏ.யும் பிடெனுடையதைப் போன்றதே. எனவே அடக்க வரும் மூலக்கூறுகளில் ஒரு பங்கு போலியில் ஒட்டிக்கொள்ள, காவலாளி தப்புகிறது. 2010இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. சில புற்றுநோய்களில் இந்தப் போலி இழக்கப்பட்டிருப்பதையும் கண்டது. உடலில் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்ற விவாதம் இன்னும் தொடர்கிறது.

தீமை செய்யும் போலியும் உண்டு. அதிரீனற் சுரப்பியின் ஓமோன்களை ஆக்க உதவும் பரம்பரையலகு ஒன்றின் அருகிலேயே அதன் போலி இருக்கிறது. போலியின் பிழைகள் நல்லதற்குள் புகுந்தால், பிறந்த சில வாரங்களிலேயே குழந்தை உப்பை இழந்து உயிராபத்துக்கு உள்ளாகலாம். உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் மருந்தால் காப்பாற்றலாம். பரம்பரையலகுச் சோதனை செய்பவர் அந்தப் போலியை அறியாவிட்டால் முடிவே பிழைத்துவிடும்.

எல்லாப் போலிகளும் வேலை செய்கின்றன என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் சோதித்தே அறியவேண்டும். “பயன் இல்லை” என்பது வேறு, “பயன் இன்னும் தெரியவில்லை” என்பது வேறு. நோயாளியிடம் “உங்களுக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லுமுன் நான் இன்று ஒருமுறை நிதானிப்பதும் இதனால்தான்.

விஞ்ஞானம் படிக்கும் தங்கைமாரே, உங்கள் கொப்பியில் “பயனில்லை” என்று எழுத நேர்ந்தால், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் இடுங்கள். அதற்கு விடை தேடுபவர் உங்களில் ஒருத்தியாக இருக்கட்டும்.