ஒரு கட்டத்தில் இரண்டு எண்கள்



என் வகுப்பு மாணவி ஒருத்தியின் வீட்டில் இரண்டு கைப்பேசி எண்கள் கொடுத்தார்கள். ஒன்று வெளியூரில் வேலை பார்க்கும் அப்பாவுடையது, மற்றது பாட்டியுடையது. நான் ஒரே கட்டத்தில் நடுவே காற்புள்ளி வைத்து இரண்டையும் எழுதிவிட்டேன். பட்டியல் வேறொரு மென்பொருளுக்குப் போனபோது முதல் எண் மட்டுமே தங்கியது. பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்த அன்று அப்பா எடுக்கவில்லை. பாட்டியோ இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார்!

தரவை எக்ஸ்எம்எல் வடிவில் அனுப்பும்போது, ஒரு குறிச்சொல்லுக்குள் ஒரே பண்பை இருமுறை எழுதக் கூடாது. 1998இல் வெளியான முதல் விதிமுறையிலேயே அது பிழை. அதனால்தான் பலரும் எல்லா மதிப்புகளையும் ஒரே பண்புக்குள் திணிக்கிறார்கள். இடைவெளி விட்டு எழுதும் பட்டியலுக்கு விதிமுறையில் இடமுண்டு. வகுப்பு எண், பாடக் குறியீடு போன்றவற்றுக்கு அது போதும். 'அண்ணா நகர்' என்று எழுதினாலோ இரண்டு ஊராகிவிடும். காற்புள்ளி வைத்தால், அங்கே பிரிக்க வேண்டும் என்பது வாங்குகிற மென்பொருளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு நேர்ந்தது அதுதான்.

ஒவ்வோர் எண்ணுக்கும் 'தொலைபேசி' என்று தனி உறுப்பு வைத்து, அது யாருடையது என்பதைப் பண்பாக எழுதலாம். எத்தனை எண் வந்தாலும் உறுப்பைத் திரும்ப எழுதினால் போதும். கோப்பு சற்று நீளும், நீளட்டுமே. குறிச்சொற்களுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது தமிழாசிரியர்களுக்கான செய்தி.

இப்போதெல்லாம் பட்டியல் அனுப்பியதும், இரண்டு எண் உள்ள ஒரு பிள்ளையின் பதிவை மறுமுனையில் திறந்து பார்த்துவிடுகிறேன்.