நெடுஞ்சாலையும் ஒற்றையடிப் பாதையும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தில்லியிலிருந்து தமிழகம் செல்வதென்றால் நம்மவர்க்கு நினைவில் வருவது இரயில் வண்டியே. இரண்டு இரவு உறங்கி எழுந்தால் சென்னை வந்துவிடும். இடையில் உள்ள நாடோ சன்னலுக்கு வெளியே ஓடி மறையும் ஒன்றாகவே நின்றுவிடுகிறது. பல ஆண்டுகளாகக் கடந்து சென்ற அந்நிலத்தில் ஒரு முறையேனும் இறங்கி நடந்து பார்ப்போம் என்று 2023 டிசம்பர் விடுமுறையில் நான்கு குடும்பத்தார், 17 பேர், மூன்று வண்டிகளில் புறப்பட்டோம். அப்பயணத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். அதில் எங்களுக்குப் பெருமை தராத பகுதியும் உண்டு. அதையும் மறையாது சொல்வோம்.

ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையே எங்கள் வழி. ஆக்ராவைக் கடந்து, சம்பல் ஆற்றின் அரித்தெடுத்த மண்மேடுகளைக் கண்டு, குவாலியர், ஜான்சி, சாகர் வழியே நரசிங்கபூர் சேர்ந்தோம். அங்கே பெருஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பி, பிபரியா வழியாகப் பச்மடி என்னும் மலையூருக்கு ஏறினோம். சாத்பூரா மலைத்தொடரில், ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரத்தில் இருக்கும் ஊர் அது. அருகிலுள்ள தூப்கட் சிகரம் 1,352 மீட்டர். மத்தியப் பிரதேசத்தில் அதனினும் உயர்ந்த இடம் இல்லை.

காப்புக் காட்டினுள் நம் விருப்பம்போல் கூடாரம் அடித்தல் கூடாது. ஆகவே ஊர்ப்புறத்தில் ஒருவர் தோட்டத்தில் அனுமதி பெற்றுத் தங்கினோம். முதல் இரவு குளிருக்கு அஞ்சிக் கூடாரத்தின் எல்லா வாயில்களையும் இறுக மூடினோம். விடியலில் எங்கள் மூச்சே நீராகித் துணியின் உட்புறத்திலிருந்து சொட்டியது. மேலே சிறிது திறந்து வைக்க வேண்டும் என்பதை அன்று கற்றோம். எங்களுள் ஒருவர் கரி அடுப்பை உள்ளே கொண்டுவரலாம் என்றார். மூடிய இடத்தில் கரிப்புகை உறக்கத்திலேயே உயிரைக் கொண்டு போகும். தில்லிக் குளிர்காலத்தில் ஆண்டுதோறும் இச்செய்தியைப் படித்தும் அப்படிச் சொல்லத் தோன்றியதே!

மறுநாள் சௌராகட் மலைமேல் உள்ள சிவன் கோயிலுக்கு நடந்தோம். படிகள் ஆயிரத்து முந்நூறுக்கு மேல். அடியார்கள் சுமந்து வந்து சாத்திய திரிசூலங்கள் உச்சியில் குவிந்து கிடக்கின்றன. வழியெல்லாம் காடு. சால மரமும் தேக்கும் சந்திக்கும் நிலம் அது. ஓரிடத்தில் எங்களுடன் வந்த பாட்டியார் நின்றுவிட்டார். அவ்வூரார் ‘மகுவா’ என்று காட்டிய மரத்தைத் தடவிப் பார்த்து, “இது நம்ம இலுப்பை அல்லவா!” என்றார். உண்மையே. இரண்டும் ஒரே இனத்தின் வேறுபாடுகள். தஞ்சைப்புறக் கோயில் குளக்கரையில் விளக்கெண்ணெய்க்கு விதை பொறுக்கிய சிறுமிப் பருவம் அவருக்கு அங்கே மீண்டது. அரைமணி நேரம் அம்மரத்தடியில் கழிந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆயினும் இறங்கத் தாமதமாயிற்று.

அடிவாரம் வந்தபோது மாலை நாலரை மணி. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைக் காணோம். ஒவ்வொரு குடும்பத்தாரும் அவன் மற்றவர்களோடு வருகிறான் என்று எண்ணியிருந்தோம். தொலைபேசியில் தொடர்பு இல்லை. டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுவான். புலி நடமாடும் காட்டின் ஓரம் அது. அவன் தாய் ஒரு சொல்லும் பேசவில்லை. அந்த மௌனத்தை எங்களால் தாங்க இயலவில்லை.

பெரிய மலையணில் ஒன்றைத் தொடர்ந்து அவன் பாதையை விட்டு விலகி, வறண்ட ஓடை ஒன்றில் வழி தவறியிருக்கிறான். நல்வேளையாக மேலும் அலையாமல் ஒரு பாறைமேல் அமர்ந்து, தன் எவர்சில்வர் டப்பாவைக் கரண்டியால் தட்டிக்கொண்டே இருந்தான். விறகு சுமந்து வந்த ஒரு மலைவாழ் அம்மையார் அவ்வோசை கேட்டு அவனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். நாங்கள் நீட்டிய பணத்தை அவர் பெறவில்லை. “பிள்ளைகளை நடுவில் விட்டு நடக்கத் தெரியாதா?” என்று இந்தியில் கடிந்துகொண்டு, சுமையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று முதல் ஒரு பெரியவர் முன்னும் ஒருவர் பின்னுமாக நடந்தோம். ஒவ்வொரு திருப்பத்திலும் அவரவர் எண்ணைத் தமிழில் சொல்வது என்று விதித்தோம். பத்துக்குமேல் நம் பிள்ளைகள் தடுமாறினர். ஆறு வயதுச் சிறுமி தன் முறை வந்ததும் “தேரா!” என்பாள். எல்லாரும் நிற்போம். “பதின்மூன்று” என்று திருத்திய பிறகே நடை தொடரும்.

பின்னர் சிவனிக்கும் நாகபுரிக்கும் இடையே பெஞ்ச் காட்டைக் கடந்தோம். அங்கே சாலையையே தூண்களின்மேல் உயர்த்தி, விலங்குகள் அடியில் செல்ல ஒன்பது வழிகள் விட்டிருக்கின்றனர். 2019-ல் வைத்த ஒளிப்படக் கருவிகளில் புலி உள்ளிட்ட 18 வகை விலங்குகள் அவ்வழியே சென்றது பதிவாகியுள்ளது. நாங்கள் கண்டது குரங்குகளை மட்டுமே! ஐதராபாத், கர்நூல், பெங்களூர் வழியெல்லாம் வண்டியோட்டமே. அதில் சொல்வதற்கு அதிகமில்லை. கிருட்டிணகிரியில் காப்பி அருந்த இறங்கியபோது, யாரும் கேளாமலே அச்சிறுமி “பதின்மூன்று” என்றாள்.

அடுத்த டிசம்பரிலும் செல்ல எண்ணியுள்ளோம். வர விரும்புவோர் தீபாவளிக்குள் பெயர் தர வேண்டுகிறோம். ஆளுக்கொரு ஊதலும் கைவிளக்கும் கொண்டு வருக. கரி அடுப்பு வேண்டா.