இல்லம் புதுக்கும் முன்

மாணவச் செல்வங்களே,

வீட்டைப் புதுக்குவது பெரியோர் செயல். அதில் எங்களுக்கு என்ன பங்கு என்று நீங்கள் வினவலாம். பொருள் தருவது பெரியோர் பங்கு. கட்டுவது கொத்தனார் பங்கு. கருத்துத் திரட்டும் பங்கை நீங்கள் ஏற்கலாம். அதற்கு வேண்டுவன கட்டமிட்ட குறிப்பேடு ஒன்று, அளவு நாடா ஒன்று, சிறிது பொறுமை, அவ்வளவே.

பலர் கருத்துத் தேடும் முறை வேறு. அடுத்த தெருவில் எழுந்த புது மாடியைக் காண்பர். அதுபோலவே நமக்கும் வேண்டும் என்பர். பிறர் வீட்டைப் பார்ப்பது தவறன்று. ஆனால், அது இறுதியிற் செய்யத்தக்கது. முதலிற் கேட்கவேண்டியவர் நம் வீட்டில் வாழ்வோர். அடுத்து, வெயிலையும் மழையையும் உற்றுநோக்க வேண்டும். அயலார் வீடு அதன் பின்னரே.

நான் பணியினின்று ஓய்வு பெற்ற பின், எங்கள் பழைய ஓட்டு வீட்டைச் செப்பனிட முனைந்தோம். ஒவ்வொருவரும் தம் விருப்பத்தைத் தாளில் எழுதித் தருமாறு கூறினேன். மூத்த மகன் முகப்பை இடித்து மாடி எழுப்ப வேண்டும் என்று எழுதினான். இளையவன் கூடத்திற்குப் பளிங்குத் தளம் கேட்டான். என் மனைவி எழுதியவை இரண்டே வரிகள்: "கொல்லைப் படி மழையில் வழுக்குகிறது. இரவில் இறங்க அச்சமாக இருக்கிறது."

கையிலிருந்த பணமோ எல்லாவற்றுக்கும் போதாது. மைந்தர் இருவரும் அன்று மாலையே நீர்க்குடத்தைச் சுமந்துகொண்டு அப்படிகளில் ஏறி இறங்கிப் பார்த்தனர். அதன்பின் வாதம் எழவில்லை. உயரமான இரண்டு படிகள் தாழ்வான நான்கு படிகளாயின. சொரசொரப்பான கல் பதித்தோம்; கைப்பிடிக் கம்பியும் விளக்கும் அமைத்தோம். முகப்பு பழைய சுண்ணாம்புப் பூச்சோடு இன்றும் நிற்கிறது. உங்கள் வீட்டில் மிகுதியாக உழைப்பவர் யார், உடல் தளர்ந்தவர் யார் என்று கண்டு, அவர்களை முதலிற் கேளுங்கள். கேட்டாலன்றி அவர்கள் சொல்லமாட்டார்கள்.

இனி வெயிலை நோக்குவோம். வீட்டின் படத்தைக் குறிப்பேட்டில் வரைந்து, காலை 8 மணி, நண்பகல், மாலை 4 மணி ஆகிய வேளைகளில் நிழல் எங்கே விழுகிறது என்று மாதம் ஒரு முறை குறியுங்கள். நம் தமிழகத்தில் மார்கழியில் நண்பகல் ஞாயிறு தெற்கே சாய்ந்து நிற்கும்; சித்திரையின் பிற்பகுதி முதல் ஆடி முடியும்வரை வடக்கே சாய்ந்து நிற்கும். கோடையில் பெருந்துன்பம் தருவது மேற்குச் சுவரில் விழும் மாலை வெயில். ஆகவே, நிழல் தரும் மரத்தை மேற்கே நடுவது நலம். ஆனால், வேர் அடித்தளத்தைத் தாக்காத தொலைவு வேண்டும். முருங்கை எளிதில் முறியும். அதனைக் கூரைக்கு அருகில் வைத்தல் ஆகாது.

மழைக்கும் கணக்கு உண்டு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர்! தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேமிப்பைக் கட்டாயமாக்கினார்கள். உங்கள் வீட்டுக் குழாய் அந்நீரை நிலத்துள் இறக்குகிறதா, தெருவில் கொட்டுகிறதா என்று மழை நாளில் குடை பிடித்துச் சென்று பாருங்கள். பாத்திரம் கழுவிய நீர் செல்லும் வழியையும் குறியுங்கள். அவ்வழியில் வாழையும் கல்வாழையும் செழிக்கும்.

இவ்வளவும் அறிந்த பின் பிறர் அமைத்தவற்றைக் காணச் செல்லலாம். அவற்றின் தோற்றத்தை மட்டும் பாராது, அமைத்த முறையையும் ஆராயுங்கள். இலங்கையைச் சேர்ந்த ஜெப்ரி பாவா என்பவர் முதலில் வழக்கறிஞர். 1948இல் பெந்தோட்டைக்கு அருகே லுனுகங்க என்னும் பழைய ரப்பர்த் தோட்டத்தை, அதிலிருந்த வீட்டோடு விலைக்கு வாங்கினார். அதனை அழகிய தோட்டமாக்க விழைந்தார். அதற்குரிய தொழிலறிவு தம்மிடம் இல்லை என்று உணர்ந்தார். மீண்டும் மாணவராகி இலண்டனில் கட்டடக்கலை பயின்று, 1957இல், 38ஆம் வயதில், தேர்ச்சி பெற்றார். பல ஆண்டுகள் அத்தோட்டத்தைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே இருந்தார். ஓரிடத்தில் மரம் நீக்கி ஏரியைக் கண்ணுக்குக் காட்டினார்; மற்றோரிடத்தில் நிழலை வளர்த்தார். கொழும்பிலுள்ள தம் இல்லத்தில் செட்டிநாட்டுப் பழைய தூண்களையும் அமைத்துப் பயன்கொண்டார். நாம் பழையன என்று விற்றுவிடும் தூணுக்கும் கதவுக்கும் உள்ள மதிப்பை இதனால் அறியலாம்.

அவருக்கு இருந்த பொருள்வளம் நமக்கு இல்லாதிருக்கலாம். ஆயினும், பார்த்து, பொறுத்து, ஒவ்வொன்றாகத் திருத்தும் முறைக்குப் பணம் வேண்டுவதில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்திலிருந்து தொடங்குங்கள். உங்கள் பாட்டியார் அங்கே இருந்தால், முதற்பக்கத்தில் அவர் சொல்வதை எழுதுங்கள்.