பிழையும் பிழைப்பும்



நூலக வார விழா என்றால் எழுத்தாளரைக் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் பேராசிரியரைக் கூப்பிடுவார்கள். இந்த வருஷம் அச்சு எழுத்துக் கோக்கிற ஒரு கம்போசிட்டரைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அழைப்பிதழில் ‘அச்சுத்துறை வல்லுநர்’ என்று போட்டிருக்கிறது. அது அன்பில் நேர்ந்த அச்சுப்பிழை. நான் 1973-இல், 17 வயதில், ஒரு சின்ன அச்சகத்தில் தரை கூட்டச் சேர்ந்தவன். ஆறு மாதம் கழித்து எழுத்துப் பெட்டி முன்னால் நிற்கவிட்டார்கள். ஈய எழுத்து போய்க் கம்ப்யூட்டர் வந்த பிறகு, அதே ஊரில் மெய்ப்புத் திருத்தி வயிறு கழுவினேன். என் வாழ்க்கை வரலாறு அவ்வளவுதான்.

‘புத்தகமும் விசுவாசமும்’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். ‘பிழைப்பும்’ என்று ஒரு சொல் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். நம் மொழியின் குறும்பைப் பாருங்கள். பிழைப்பு என்ற சொல்லுக்குள்ளேயே பிழை உட்கார்ந்திருக்கிறது. ‘பிழைத்தான்’ என்றால் தவறு செய்தான் என்றும் பொருள், உயிர் தப்பினான் என்றும் பொருள். பிழை திருத்தியே பிழைத்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பின்வரிசையில் ஒரு காதை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு சின்ன ஈயத்துண்டு. பெட்டியில் அறை அறையாகக் கிடக்கும். இடது கையில் ‘ஸ்டிக்’ என்கிற அடுக்குச் சட்டத்தைப் பிடித்து, வலது கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்க வேண்டும். எழுத்து இடவலம் மாறி இருக்கும், வரி தலைகீழாகத் தெரியும். அதை அப்படியே வாசிக்கப் பழக வேண்டும். அச்சடித்து முடிந்ததும் எழுத்துகளைக் கழுவி, பிரித்து, மறுபடி அதனதன் அறையில் போட வேண்டும். காலையில் கல்யாணப் பத்திரிகையில் இருந்த ‘ம’ சாயங்காலம் கருமாதிப் பத்திரிகையில் இருக்கும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது, தும்பிக்கை தூக்கின ‘னை’யும் ‘லை’யும் பெட்டியை விட்டுப் போயின. ஒரு கூடை நிறைய அள்ளி உருக்கப் போட்டோம். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இப்படி வாசிக்கப் பழகினவனுக்கு வேகமாக வாசிக்க வராது. எங்கள் சபையில் ஐயர் பிரசங்கத்தில் ஒரு வசனத்தைச் சொல்லி ஆறு வசனம் தாண்டிப் போயிருப்பார். நான் முதல் வசனத்தின் மூன்றாம் சொல்லில் நிற்பேன். இதைப் பக்தி என்று நினைத்துவிடாதீர்கள், தொழில் கோளாறு.

என் பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு வீட்டில் பெரியவர் இறந்து ஒரு வருஷம். நினைவு அட்டை 300 கேட்டார்கள். ‘எங்கள் தந்தையார் மறைந்த முதலாம் ஆண்டு’ என்று கோக்க வேண்டும். அந்தச் சொல்லில் ஐகாரக் குறி தனித் துண்டு. அது விழுந்துவிட்டது, நான் பார்க்கவில்லை. முந்நூறு அட்டையும் அச்சாகி வெட்டிக் கட்டின பிறகு பார்த்தால், ‘எங்கள் தந்தையார் மறந்த முதலாம் ஆண்டு’! அந்த அம்மாவிடம் நானே கொண்டுபோய்ச் சொன்னேன். அவர்கள் அட்டையை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, மெதுவாக வாசித்தார்கள். பிறகு திண்ணையில் இருந்த மகன்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இருக்கட்டும் தம்பி, ரெண்டு பேருக்கு இது சரியாத்தான் இருக்கும்” என்றார்கள். அன்று ராத்திரியே திருத்தி அடித்துக் கொடுத்தோம். ஆனால் ஒரு துண்டு ஈயம் ஒரு வீட்டின் உண்மையை வெளியே கொண்டுவந்துவிட்டதே என்று பல நாள் தூக்கம் வரவில்லை.

பிறகுதான் என்னைவிடப் பெரிய பாவிகள் உண்டென்று தெரிந்து ஆறுதல் அடைந்தேன். 1631-இல் லண்டனில் ராபர்ட் பார்க்கர், மார்ட்டின் லூக்காஸ் என்று அரசரின் அச்சுக்காரர்கள் இரண்டு பேர் பைபிள் அச்சடித்தார்கள். பத்துக் கட்டளையில் விபசாரத்தைப் பற்றிய இடத்தில் ‘நாட்’ என்ற மூன்றெழுத்துச் சொல் விழுந்துவிட்டது. கூடாது என்று தடுக்கிற கட்டளை, செய் என்று சொல்லுகிற கட்டளையாகிவிட்டது. 300 பவுண்டு அபராதம், பெரும்பாலான பிரதிகள் அழிக்கப்பட்டன. அந்த பார்க்கர்தான் அதற்கு 20 வருஷம் முன்பு, 1611-இல், ஜேம்ஸ் அரசரின் பெயரால் புகழ்பெற்ற பைபிளை அச்சிட்டவர். கடைசியில் சிறையில் இறந்தார். இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அந்த வரியைக் கோத்த கை யாருடையது என்றுதான் நினைப்பேன். அவன் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

நம் கரைக்கு வருவோம். சீகன்பால்க் என்ற ஜெர்மன் மிஷனரி 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். கடற்கரையில் இறங்கினவுடன் பிரசங்கம் பண்ணிவிடவில்லை. தமிழ் படித்தார், தமிழ்ச் சுவடிகளைத் தேடித் தேடி வாசித்தார். 1708-இல் தான் சேர்த்த தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் எழுதினார். நம் மக்களின் தெய்வங்களைப் பற்றி ஒரு நூலே எழுதி 1713-இல் ஜெர்மனிக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை, அச்சேற்றவில்லை. 1867-இல் சென்னையில்தான் அது அச்சானது. அடுத்தவன் புத்தகத்தை மதித்து வாசித்தவனுக்குத் தன் ஆட்களிடமே கிடைத்த மரியாதை அது.

அவருடைய அச்சுக்கூடத்தின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் தமிழ் எழுத்து வார்த்து அனுப்பினார்கள். தமிழே பார்த்திராத கைகள், ஓலையைப் பார்த்துச் செதுக்கினவை போலப் பெரிது பெரிதாக வார்த்திருந்தார்கள். அந்த அளவில் புதிய ஏற்பாடு முழுவதையும் அடித்தால் காகிதம் போதாது. காகிதமோ கப்பலில் வர வேண்டும். ஆதலால் இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கினார்கள் என்று ஒரு கதையும் உண்டு. கதையோ நிஜமோ, ஈயம் உருக்கினவனுக்கு அது நடக்கக்கூடியதுதான் என்று தெரியும். 1715-இல் புதிய ஏற்பாடு முடிந்தது. சீகன்பால்க் பெயரை நினைவு நாளில் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் மை தடவினவர்களும் காகிதம் நனைத்துக் கொடுத்தவர்களும் இந்தக் கரைக்காரர்களாகத்தானே இருக்க வேண்டும்? என் வேதாகமம் வானத்திலிருந்து தோல் அட்டையோடு விழவில்லை. கைகள் வழியாக வந்தது. என் விசுவாசத்துக்கு இதனால் ஒரு குறையும் வரவில்லை, கூடத்தான் செய்தது.

வேதத்துக்குள்ளேயும் அந்தக் கைகளைத் தேட ஆரம்பித்தேன். எரேமியா தீர்க்கதரிசி சொல்லச் சொல்ல, பாருக்கு என்பவர் மையால் சுருளில் எழுதுகிறார். அந்தச் சுருளை யோயாக்கீம் ராஜாவுக்கு முன்னால் வாசிக்கிறார்கள். குளிர்காலம், ராஜாவுக்கு முன்னால் நெருப்பு எரிகிறது. மூன்று நாலு பத்தி வாசித்ததும் ராஜா கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான். முழுச் சுருளும் சாம்பல். எபிரேயம் படித்த ஒரு ஐயர் சொன்னார், மூலத்தில் அது ‘எழுத்தனின் கத்தி’ என்று இருக்கிறதாம். சுருளைத் திருத்தமாக வெட்டி ஒட்டத் தொழிலாளி வைத்திருக்கிற கருவி! அதை வைத்தே அந்தத் தொழிலாளியின் வேலையை ராஜா அழித்திருக்கிறான். இது ஒரு தொழிலாளிக்கு எப்படி வலிக்கும் தெரியுமா?

பிறகு என்ன நடந்தது? வேறொரு சுருள் எடுத்தார்கள். முதலிலிருந்து மறுபடி எழுதினார்கள், முன்னைவிடக் கூட்டியும் எழுதினார்கள். எட்டுப் பக்க எழுத்தைச் சேர்த்துக் கட்டி முடித்த பாரம் கை தவறி விழுந்து, அத்தனை எழுத்தும் தரையில் சிதறி, ராத்திரி ஒன்பது மணிக்குக் குத்தவைத்துப் பொறுக்கினவன் நான். எரேமியா முப்பத்தாறாம் அதிகாரத்தை எனக்கு எந்தப் பண்டிதரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பாருக்குக்கு என்றே நாற்பத்தைந்தாம் அதிகாரம் இருக்கிறது. மொத்தமே ஐந்து வசனம். களைத்துப்போனேன், இளைப்பாறுதல் இல்லை என்று அவர் புலம்புகிறார். உனக்குப் பெரிய காரியங்களைத் தேடாதே, உயிரை மட்டும் தருகிறேன் என்கிறார் கடவுள். புது வருஷத்துக்கு வாக்குத்தத்த அட்டை ஆயிரக்கணக்கில் அடித்திருக்கிறேன். ஆசீர்வாதம் வேண்டும், பெருக்கம் வேண்டும், வாலாகாமல் தலையாக வேண்டும் என்று வசனம் வசனமாகக் கேட்டு வாங்குவார்கள். இந்த ஐந்து வசனத்தை இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை. நானே ஒன்று அடித்து என் எழுத்துப் பெட்டிக்கு மேலே ஒட்டிக்கொண்டேன்.

இன்னொருவர் தெர்தியு. ரோமருக்கு எழுதின நிருபத்தைப் பவுல் சொல்ல எழுதினவர். பதினாறு அதிகாரம் எழுதின கை, கடைசிப் பக்கத்தில் சந்தடிசாக்கில், இதை எழுதுகிற நானும் உங்களுக்கு வாழ்த்துச் சொல்லுகிறேன் என்று ஒரு வரி சேர்த்துவிட்டது. எங்கள் அச்சகத்தில் இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருப்பார்கள். பவுல் அதை அடித்து நீக்கவில்லை. அந்த வரி இரண்டாயிரம் வருஷமாக அங்கேயே இருக்கிறது.

அச்சகத்தில் என் பக்கத்துப் பெட்டியில் நின்ற அண்ணாச்சி சுடலைமாடசாமி பக்தர். லெந்து காலத் தியானப் புத்தகங்களை அவர்தான் கோப்பார். கொடை விழா நோட்டீஸ்களை நான் கோப்பேன். யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை, எப்படியோ அப்படி அமைந்துவிட்டது. மாடன் கோயில் நோட்டீஸைத் தொடலாமா என்று சின்ன வயதில் எனக்கு ஒரு கலக்கம் இருந்தது. அம்மையிடம் கேட்டேன். “கூலி வாங்குதல்லா, பிழை இல்லாம செய்யி” என்றாள். அதற்கு மேல் இறையியல் அவளிடம் இல்லை. அண்ணாச்சி ஒருநாள் ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு, “தம்பி, இந்த யோபு ஒரு தப்பும் பண்ணலியேடே, அவரை ஏன் இப்படிப் போட்டு அடிக்காவ?” என்று கேட்டார். நான் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்த பதிலைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு மறுபடி எழுத்துப் பொறுக்க ஆரம்பித்தார். என் பதில் அவருக்குப் போதவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் போதவில்லை. வேதாகமத்தில் யோபுவின் கதையை நான் முதல்முறையாக முழுசாக வாசித்தது அன்று ராத்திரிதான்.

உழைத்த கையே எழுதின கதை வேதத்துக்கு வெளியேயும் உண்டு. எங்கள் ஊர்ப்பக்கத்து எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் என்ற காப்பியம் 1894-இல் வந்தது. கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, கிறிஸ்தவரானவர். அந்தக் காப்பியத்துக்கு மூலம் 1678-இல் ஜான் பனியன் எழுதிய மோட்சப் பயணம். பனியன் யார்? ஊர் ஊராய்ப் போய் ஓட்டைப் பாத்திரத்துக்கு ஒட்டுப் போடுகிறவர். கல்யாணம் ஆனபோது வீட்டில் ஒரு தட்டு, ஒரு கரண்டி கிடையாது. மனைவி கொண்டுவந்த சீதனம் இரண்டு பக்திப் புத்தகம். அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காக 12 வருஷம் சிறை. அங்கே உட்கார்ந்து காலணிக் கயிற்றுக்கு முனை கட்டி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். கயிறு கட்டின அதே கையால் எழுதவும் எழுதினார். பெண்ணைப் பெற்றவர்கள் சீதனமாகப் புத்தகம் கொடுக்கலாம் என்று நான் சொன்னால் இங்கே யாரும் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். பையன் வீட்டார் முதலில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பவுலும் கைத்தொழிலாளிதான், கூடாரம் செய்கிறவர். தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் நிருபத்தில், சாவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்து சிறையிலிருந்து எழுதுகிறார். பெரிய பெரிய விஷயங்களுக்கு நடுவே ஒரு சின்ன வேண்டுகோள் வருகிறது. துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் ஒரு மேலங்கியை விட்டுவந்தேன், வரும்போது அதை எடுத்துவா, புத்தகங்களையும் எடுத்துவா, முக்கியமாகத் தோற்சுருள்களை. பிறகு, மாரிகாலத்துக்கு முன் வந்துவிடு. முதலில் உடம்புக்குச் சட்டை, அடுத்து புத்தகம். குளிரில் வேலை செய்தவன் போடுகிற வரிசை இது. அவை என்ன புத்தகங்கள் என்று எழுதவில்லை. தீமோத்தேயு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா என்றும் எழுதவில்லை. நான் எத்தனையோ முறை அந்த இடத்தில் நின்றிருக்கிறேன்.

நூலகர் அம்மா, நமக்கும் ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. பின்னறையில் ஜன்னல் ஓரம் ஒழுகுகிற இடத்தில் பழைய நாவல்கள் வைத்த அலமாரி இருக்கிறது. வரும்போது பார்த்தேன், கீழ்த்தட்டு ஈரம் கண்டிருக்கிறது. மூன்றடி தள்ளி வைக்க நாலு பேர் போதும். பின்வரிசைப் பிள்ளைகளே, கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள். நானும் ஒரு பக்கம் பிடிக்கிறேன்.