மெலியாரைக் காக்கும் ஆசிரியப் பயிற்சி

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் கல்வியைக் குறித்துச் சில கூறுமாறு காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தார்கள். கல்வி நிதியைப் பற்றியும் மாணவர் விடுதியைப் பற்றியும் எமக்கு முன் பேசிய பெரியோர்கள் விரிவாக எடுத்துரைத்தார்கள். ஆதலின் அவற்றைத் திரும்பக் கூறாது, பள்ளிக்கூடத்தினுள்ளே வலிய பிள்ளைகள் மெலிய பிள்ளைகளை இடைவிடாது துன்புறுத்தும் கொடுமையையும், அதனைத் தடுத்தற்கு ஆசிரியர்களுக்கு அளிக்க வேண்டிய பயிற்சியையும் பற்றி இன்று பேசக் கருதினோம். இப்பொருள் ஆசிரியர்களுக்கு மட்டுமே உரியதென நினைத்தல் வேண்டா. நம் சங்கத்தார் செய்ய வேண்டுவனவும் செய்யாதொழிய வேண்டுவனவும் இதனுள் உள. அவற்றை இறுதியில் ஒளிவின்றிச் சொல்லுவோம்.

நலிதல் என்பது தமிழில் ஒரு வினைச்சொல். தான் வருந்தி மெலிதல் என்பதும் அதற்குப் பொருள். பிறரை வருத்துதல் என்பதும் பொருள். வருந்துவோனுக்கும் வருத்துவோனுக்கும் மொழி ஒரு சொல்லையே வழங்கியிருத்தல் கருதத் தக்கது. பள்ளியில் நலிவோனும் ஒருவர் பெற்ற பிள்ளை. நலிவிப்போனும் ஒருவர் பெற்ற பிள்ளை. இருவரையும் ஒரே ஆசிரியரிடம் நாம் ஒப்படைத்திருக்கிறோம்.

இக்கொடுமை யாது என்பதை முதலில் வரையறுத்துக் கொள்ளுதல் நலம். நார்வே நாட்டுப் பெர்கன் நகரில் உளநூற் பேராசிரியராய் விளங்கிய டான் ஓல்வேயஸ் என்பவர் இதற்கு மூன்று இலக்கணம் வகுத்தார். தீங்கு செய்யும் எண்ணத்தோடு செய்யப்படுதல் ஒன்று. ஒருமுறையோடு நில்லாது மீண்டும் மீண்டும் நிகழ்தல் மற்றொன்று. செய்வோனுக்கும் படுவோனுக்கும் வலிமையில் ஏற்றத்தாழ்வு இருத்தல் மூன்றாவது. ஒத்த வலிமையுடைய இரு சிறுவர் பந்துக்காகச் சண்டையிட்டு மாலையில் கூடி விளையாடினால் அது பிணக்கு. ஐவர் சேர்ந்து ஒருவனை நாள்தோறும் பட்டப்பெயரிட்டு அழைத்தலும், அவன் சோற்றுப் பாத்திரத்தில் மண்ணிடுதலும், கடைக்குப் போய் வா என்று ஏவுதலும், அவனோடு ஒருவரும் பேசலாகாதென்று கட்டளையிடுதலும் பிணக்கல்ல, கொடுமை. இக்காலத்தில் கைபேசி வழியே இழிசொல்லையும் படத்தையும் பரப்புதலும் இதனுள் அடங்கும்.

இவ்வேறுபாட்டை அறிதலே ஆசிரியப் பயிற்சியின் முதற்பாடம். அதனை அறியாத ஆசிரியர் நல்லெண்ணமுடையவராயினும் யாது செய்கிறார்? இருவரையும் அழைத்து நிறுத்தி, “இருவரும் கைகுலுக்கிக் கொள்ளுங்கள், இனிச் சண்டையிடாதீர்கள்” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். பிணக்குக்கு அது மருந்தாகும். கொடுமைக்கு அது நஞ்சாகும். நலிந்த பிள்ளை, தான் சொல்லியும் ஆசிரியர் தன்னையும் அவனையும் ஒருதட்டில் வைத்தார் என்று உணர்ந்து வாய்மூடிக் கொள்கிறது. நலிவித்தவனோ இனி அஞ்ச வேண்டுவதில்லை என்று தேர்ந்து கொள்கிறான்.

இக்கேடு எல்லா நாட்டிலும் உண்டு. நார்வே நாட்டின் வடபகுதியில் 1982ஆம் ஆண்டின் இறுதியில் மூன்று சிறுவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டனர். உடன்பயின்றோர் இழைத்த கொடுமையே காரணமாதல் வேண்டும் என்ற செய்தி கேட்டு அந்நாடு திடுக்கிட்டது. மறு ஆண்டே கல்வி அமைச்சு நாடெங்கும் இக்கொடுமையை ஒழிக்கும் முயற்சியைத் தொடங்கிற்று. ஓல்வேயஸ் பெர்கன் நகரப் பள்ளிகள் 42-இல் பயின்ற ஏறத்தாழ 2,500 மாணவரைத் தொடர்ந்து ஆராய்ந்து, ஆசிரியரும் பெற்றோரும் ஒருங்கு முயன்றால் கொடுமை ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்று காட்டினார். பிள்ளைகள் அப்படித்தான் இருப்பார்கள் என்று கைவிட்டிருந்த ஒன்று, பெரியோர் முயற்சியால் மாறக்கூடியது என்பது அதனால் விளங்கிற்று.

பார்த்து நிற்கும் பிள்ளைகளைப் பற்றியும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் பள்ளி விளையாட்டிடங்களில் நிகழ்வனவற்றைப் படமெடுத்து ஆராய்ந்து 2001-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றுண்டு. கொடுமை நிகழ்ந்த வேளைகளில் நூற்றுக்கு 88-இல் பிற பிள்ளைகள் அருகிருந்தனர். அவர்களுள் எவரேனும் குறுக்கிட்டுத் தடுத்தது நூற்றுக்கு 19-இல்தான். ஆயினும் அங்ஙனம் தடுத்தபோது, பாதிக்கு மேற்பட்ட வேளைகளில் பத்து விநாடிக்குள் கொடுமை நின்றுவிட்டது. அருகிருக்கும் பிள்ளை ஒரு சொற் சொன்னால் போதும் என்று இதனால் அறிகிறோம். அந்த ஒரு சொல்லைச் சொல்லும் துணிவை வகுப்பறையில் யார் ஊட்டுவது? ஆசிரியரே ஊட்டுதல் வேண்டும்.

இதனை முறையாகச் செய்து காட்டியது பின்லாந்து நாடு. அங்குத் துர்க்கு நகரப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தினா சால்மிவள்ளி என்னும் அம்மையார் தலைமையில், கல்வி அமைச்சின் பொருளுதவியோடு, 2006 முதல் ‘கிவா’ என்னும் திட்டம் வகுக்கப்பட்டது. கொடுமைக்கு எதிராக எனப் பொருள்படும் இரு சொற்களின் முதலெழுத்துக்கள் கூடி அமைந்த பெயர் அது. அவர்கள் மொழியில் கிவா என்றாலே இனியது என்றும் பொருள்படும். 234 பள்ளிகளைத் தேர்ந்து, செம்பாதியில் திட்டத்தை நடத்தியும் மறுபாதியில் நடத்தாதும் ஒப்பிட்டு நோக்கினர். திட்டம் நடந்த பள்ளிகளில் கொடுமை குறைந்தது. 2009 முதல் அந்நாட்டுப் பள்ளிகளுள் மிகப் பெரும்பாலான அதனை மேற்கொண்டன. இளைய வகுப்புக்களில் பயன் மிகுதியாகவும் வளர்ந்த வகுப்புக்களில் குறைவாகவும் இருந்தது. ஆதலின் முளையிலேயே தொடங்குதல் வேண்டும் என்பதும் பெறப்படும்.

அங்கு ஆசிரியர்கள் பயின்ற முறையைச் சிறிது விரித்துச் சொல்லுவோம். ஒவ்வொரு பள்ளியிலும் மூன்று ஆசிரியர் கொண்ட குழு ஒன்று அமைக்கப்படும். முறையீடு வந்தவுடன், முதலில் நலிந்த பிள்ளையைத் தனியே அமர்த்தி, நடந்ததை முழுவதும் பொறுமையாகக் கேட்டு, இனி நாங்கள் உன்னோடு இருப்போம் என்று உறுதி கூறுவர். பின்னர், துன்புறுத்தினோரை ஒருவர்பின் ஒருவராகத் தனித்தனியே அழைப்பர். கூட்டமாக அழைத்தால் ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்துத் துணிவு பெறுவான். தனித்து நின்றால் தன் செயலைத் தானே நோக்குவான். வசைமொழியும் அடியும் அங்கில்லை. இனி நீ யாது செய்வாய் என்ற வினாவும், அதற்கு அவன் தரும் வாக்கும் உண்டு. இரண்டு வாரம் போல் கழிந்தபின் மீண்டும் அழைத்து, வாக்கு நிறைவேறிற்றா என்று தவறாது கேட்பர். இதற்கிடையில் வகுப்பாசிரியர், வகுப்பில் நன்மதிப்புடைய பிள்ளைகள் இருவர் மூவரைத் தேர்ந்து, நலிந்த பிள்ளைக்குத் துணையாயிருக்குமாறு பணிப்பார். இடைவேளையில் மேற்பார்வை செய்யும் ஆசிரியர் தொலைவிலிருந்தே தெரியுமாறு பளிச்சென்ற மேலுடை அணிந்து நிற்பர்.

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவுக்குரியதன்று. ஆயினும் பயிற்சியின்றி வருவதுமன்று. அழும் பிள்ளையிடம் எப்படிக் கேட்பது, மறுக்கும் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்பவற்றை ஆசிரியர்கள் தமக்குள் நடித்துப் பார்த்துப் பழகுதல் வேண்டும். தத்தம் பள்ளியில் பெரியோர் கண்படாத இடங்களைக் குறித்துக் கொள்ளுதல் வேண்டும். கழிப்பிடம், தண்ணீர்க் குழாயடி, சைக்கிள் நிறுத்துமிடம், பேருந்து நிறுத்தம் ஆகியவை அத்தகையன. இலக்கணம் கற்பிக்க ஆண்டுக்கணக்கில் பயின்ற நாம், ஒரு பிள்ளையின் கண்ணீரைக் கையாள ஒருநாளும் பயிலாது வகுப்பினுட் புகுவது முறையா?

“பிரம்பு இருந்த காலத்தில் இத்தொல்லை இல்லை” என்பார் உளர். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளைகளை உடலால் தண்டித்தலையும் மனத்தால் துன்புறுத்தலையும் விலக்கியிருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, வலியவன் மெலியவனை அடிக்கலாம் என்பதே பிரம்பு கற்பிக்கும் பாடம். அப்பாடத்தை ஆசிரியரிடம் கற்ற சிறுவன், தன்னினும் சிறியவனிடம் அதனை ஒப்பிக்கிறான்.

அன்பர்களே! பிறநாட்டுச் செய்தியை இவ்வளவு சொல்லியதெல்லாம் நம் நாட்டுக்கு வருவதற்காகவே. நம் பள்ளிகளில் வலியோன் மெலியோன் என்ற வேற்றுமை உடம்பின் பருமையால் மட்டும் அமைவதில்லை. சாதியால் அமைகிறது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் இரவு, திருநெல்வேலி மாவட்டத்து நாங்குனேரியில், பட்டியலினத்தைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை உடன்பயின்ற மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டார். தமக்குப் பள்ளியில் நேர்ந்து வந்த துன்பத்தை அவர் பள்ளியில் தெரிவித்த பின்னரே இது நிகழ்ந்தது. எவர்மீதும் குறை சுமத்துதல் எம் நோக்கமன்று. முறையீட்டை ஏற்றலோடு ஆசிரியர் கடமை முடிவதில்லை, முறையிட்ட பிள்ளையைக் காத்தலும் அதன் பகுதியே என்பதை இதனினும் தெளிவாக எந்நூலும் கற்பிக்க மாட்டாது.

அதனையொட்டி அரசு, ஓய்வு பெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி கே. சந்துரு அவர்களை ஒருநபர் குழுவாக அமைத்தது. 2024 ஜூன் மாதத்தில் அவர் அளித்த அறிக்கை, ஆண்டுதோறும் ஆசிரியர்க்குச் சமூக நீதி குறித்த கட்டாயப் பயிற்சி வேண்டும் என்றும், பெரிய பள்ளிகளில் மாணவர் நலனுக்கெனத் தனி அலுவலர் வேண்டும் என்றும், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு முதலியவற்றை மாணவர் அணிதல் கூடாது என்றும் பரிந்துரைத்தது. கயிற்றைக் குறித்துப் பள்ளிக் கல்வித் துறையிலிருந்து 2019-இலேயே சுற்றறிக்கை ஒன்று சென்றிருந்தது.

இனி, ஒளிவின்றிச் சொல்லுவோம் என்று கூறியவற்றுக்கு வருவோம். நம் பாட்டன்மார் காலத்தில் நம் பிள்ளைகள் பள்ளியின் கடைசி வரிசையில் ஒதுக்கி அமர்த்தப்பெற்றனர் என்றும், அந்த இழிவைத் துடைக்கவே ஊர்தோறும் பிடியரிசி சேர்த்து இச்சங்கத்தைக் கண்டனர் என்றும் மேடைதோறும் பெருமையோடு கூறுகிறோம். அந்தச் சங்கத்தின் பெயரால் இன்று நம் பிள்ளை ஒருவன் மற்றொரு பிள்ளையைக் கடைசி வரிசைக்குத் தள்ளுவானாயின், அம்முன்னோர்க்கு நாம் என்ன விடை சொல்லுவோம்?

ஆதலின் மூன்று வேண்டுகோளை இப்பேரவையின் முன் வைக்கிறோம்.

முதலாவது: நம் சமூகத்து அடையாளமாகிய எந்த நிறக் கயிற்றையும் நம் பிள்ளைகள் பள்ளிக்கு அணிந்து செல்லலாகாது. அதனை ஆசிரியர் அவிழ்க்கும்வரை காத்திராது, தாய்மார்களே வீட்டில் அவிழ்த்தல் வேண்டும். ஆசிரியர் அவிழ்த்தால் அது சண்டையாகும். தாய் அவிழ்த்தால் அது வளர்ப்பாகும்.

இரண்டாவது: நம் பிள்ளைமீது முறையீடு வந்து ஆசிரியர் விசாரிக்கும்போது, சங்கத்தின் பெயரால் பத்துப்பேர் வண்டியேறித் தலைமையாசிரியரிடம் செல்லுதலை இன்றோடு விடுதல் வேண்டும். பெற்றோர் மட்டும் செல்லட்டும். ஆசிரியர் சொல்வதை முழுவதும் கேட்கட்டும். எத்துணைச் சிறந்த பயிற்சி பெற்ற ஆசிரியரும், வாயிலில் நிற்கும் கூட்டத்தைக் கண்டபின் உள்ளதை உள்ளவாறு எழுத அஞ்சுவார். நாம் அன்று காப்பாற்றியதாக நினைக்கும் பிள்ளையைப் பிறகு நீதிமன்றத்தில் காண நேரும்.

மூன்றாவது: நம் கல்வி நிதியில் ஒரு பகுதியை ஒதுக்கி, கோடை விடுமுறையில் ஆசிரியர்க்கு இப்பயிற்சியை நடத்துதல் வேண்டும். நம் சமூகத்து ஆசிரியர்க்கென்று வரையறுக்காது, இவ்வட்டாரத்து எல்லா ஆசிரியரையும் அழைத்தல் வேண்டும். நம் பிள்ளையைக் காக்கப் போகிறவர் எச்சமூகத்தவர் என்பதை நாம் முன்னறியோம்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். பிள்ளை காலையில் வயிற்றுவலி என்று அடிக்கடி படுத்தாலும், புத்தகமும் சட்டையும் கிழிந்து வந்தாலும், கொடுத்த காசு காரணமின்றித் தொலைந்தாலும், கலகலப்பாயிருந்தது பேச்சடங்கினாலும், சோம்பல் என்று கடியாதீர்கள், அருகமர்த்திக் கேளுங்கள். கொடுக்காத காசும் தனதல்லாத பொருளும் பிள்ளையின் பையில் இருந்தாலும் அவ்வாறே கேளுங்கள். இரண்டாவது கேள்வியே கேட்டற்கு அரியது. அதனையே பெற்றோர் பலர் கேளாது விடுகின்றனர்.

நாங்குனேரி மாணவர் பிழைத்தெழுந்து, 2024-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வெழுதித் தேறினார். அவர் மன உறுதி போற்றத் தக்கது. ஆயினும் அத்தகைய உறுதியை எந்தப் பிள்ளையிடமும் நாம் எதிர்பார்க்கும் நிலை வரலாகாது. யாம் கூறிய மூன்றனையும் இக்கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்றித் தருமாறு தலைவரவர்களைப் பணிவோடு கேட்டுக் கொள்கின்றோம்.