தகுதி வேறு, வாய்ப்பு வேறு

(பெருமுக்கல் ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எல்லாப் புகழும் அகிலத்தின் இரட்சகனான அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

பிளஸ் டூ முடிவு வெளிவந்த மறுநாளே நம் பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு கேள்வி உலவத் தொடங்கிவிடும். "ஹஜ்ரத், பையன் இத்தனை மார்க் வாங்கியிருக்கிறான், ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?" கேட்பவரின் முகத்தில் மகிழ்ச்சியும் கவலையும் கலந்தே இருக்கும். "அல்லாஹ் நாடினால் கிடைக்கும்" என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. அது உண்மையுங்கூட. ஆனால் அல்லாஹ் நமக்கு அறிவையும் தந்திருக்கிறான். ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைக்கவா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பிறகு தவக்குல் வை என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பதிலளித்தது நம் மக்தப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி.

வாய்ப்பை முன்கூட்டி மதிப்பிடுவது குறி சொல்வது ஆகாது. மறைவானவற்றை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. நம் பகுதியில் புளியமரத்தைக் குத்தகை எடுப்பவர் மரத்தை அண்ணாந்து பார்த்து இத்தனை மூட்டை தேறும் என்கிறாரே, அவர் மறைவைச் சொல்லவில்லை, கிளையை எண்ணுகிறார். இதற்கு நம் மார்க்கத்தில் 'கர்ஸ்' என்ற பெயரே உண்டு. கைபரின் பேரீச்ச மரங்களில் காய் இருக்கும்போதே விளைச்சலை மதிப்பிட்டு வர அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் அனுப்பியுள்ளார்கள். அப்படி மதிப்பிடுவோர் மூன்றில் ஒரு பங்கையோ நான்கில் ஒரு பங்கையோ கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட வேண்டும் என்ற கருத்தில் அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் ஹதீஸ் பதிவாகியுள்ளது. தோட்டக்காரருக்கு இலகுவாக இருக்கட்டும் என்பதற்கான ஏற்பாடு அது. கடைசிக் காய் வரை கணக்கில் எழுதிவிடாத அந்தப் பழக்கம் இன்றைய பெற்றோருக்கும் தேவைப்படுகிறது.

நம் மக்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. விண்ணப்பிக்கத் தகுதி இருப்பதையே உதவித்தொகை கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். மத்திய அரசு கல்லூரி மாணவர்களுக்கு வழங்கும் உதவித்தொகை ஒன்றைப் பாருங்கள். பட்டப்படிப்பில் ஆண்டுக்கு ரூ.12,000. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பிளஸ் டூ தேர்வில் 80-ஆவது 'பெர்சன்டைல்' நிலைக்கு மேல் இருக்க வேண்டும். இதை 80 சதவீத மதிப்பெண் என்று பலர் படித்துவிடுகிறார்கள். அது மதிப்பெண் கணக்கே அன்று. தேறியவர்களை வரிசையாக நிறுத்தினால், நூற்றுக்கு எண்பது பேர் நம் பிள்ளைக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பது பொருள். அப்படி முன்வரிசையில் நிற்பவர் ஐந்தில் ஒருவர். அவர்கள் அனைவருக்கும் தொகை கிடைப்பதில்லை. நாடு முழுவதற்கும் ஆண்டுக்குப் புதிதாக 82,000 பேர். அதை மாநிலங்களுக்குப் பங்கிட்டு, பாதியைப் பெண் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, அறிவியல், வணிகவியல், கலை ஆகிய பிரிவுகளுக்கு 3:2:1 என்று பிரிக்கிறார்கள். தகுதி என்பது பள்ளிவாசலின் வெளிவாசல் போன்றது. முதல் ஸஃப்பில் எத்தனை பேர் நிற்கலாம் என்பது வேறு கணக்கு.

ஆகவே எந்த உதவித்தொகையானாலும், எத்தனை இடம், எத்தனை பேர் போட்டியிடுகிறார்கள், அவர்களுள் நம் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறான் என்று கேளுங்கள். வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் 'ஸ்டார்ஸ்' திட்டம், கிராமப்புற அரசுப் பள்ளிகளில் படித்து மாவட்டத்தில் முதலிடம் பெறும் ஒரு மாணவனுக்கும் ஒரு மாணவிக்கும் இலவசக் கல்வி தருகிறது. மிக நல்ல திட்டம். ஆனால் மாவட்டத்திற்கு இருவர். தம் பள்ளியில் முதல் மாணவனாக வந்தவன் அதை நம்பி மற்ற விண்ணப்பங்களைப் போடாமல் இருந்துவிடலாகாது. விழுப்புரம் மாவட்டத்தில் பள்ளிக்கு ஒரு முதல் மாணவன் இருக்கிறான் அல்லவா?

இங்கே இன்னொன்றும் உண்டு. இது பலருக்கு வியப்பாக இருக்கும். கல்லூரி எவ்வளவு புகழ் பெற்றதோ, அவ்வளவுக்கு அங்கே மதிப்பெண்ணுக்கான சலுகை அரிதாகும். அங்கு சேருபவர் அனைவரும் முதல் வரிசைப் பிள்ளைகள், யாருக்கென்று கொடுப்பது? அமெரிக்காவின் ஹார்வர்டு, யேல் முதலான எட்டு 'ஐவி லீக்' பல்கலைக்கழகங்கள் மதிப்பெண்ணுக்காக உதவித்தொகை கொடுப்பதே இல்லை. குடும்பத்தின் தேவையைப் பார்த்தே கொடுக்கின்றன. நம் நாட்டு ஐ.ஐ.டி.க்களிலும் 2016 முதல், ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குக் குறைந்தவர்களுக்குக் கல்விக் கட்டணம் முழுவதும், ஒன்று முதல் ஐந்து லட்சம் வரை உள்ளவர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கும் தள்ளுபடி. பெரும்புகழ் பெற்ற கல்லூரியில் நடுவரிசையில் நிற்கும் பிள்ளை, அதற்கு அடுத்த நிலைக் கல்லூரியில் முதல் வரிசையில் நிற்பான். சலுகை அங்கேதான் கிடைக்கும். எது வேண்டும் என்பதைக் குடும்பம் கூடிப் பேசி, இஸ்திகாரா தொழுது முடிவெடுக்க வேண்டும். பக்கத்து வீட்டாரின் பெருமையைப் பார்த்து முடிவெடுக்கலாகாது.

பொறியியல் கலந்தாய்வுக்கு வருவோம். கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200-க்குக் கணக்கிடுகிறார்கள். கணிதம் 92, இயற்பியல் 88, வேதியியல் 84 என்றால் 92+44+42, ஆக 178. நமக்கு 2007 முதல் 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அறுபது இடமுள்ள ஒரு பாடப்பிரிவில் 3.5 சதவீதம் என்பது ஏறத்தாழ இரண்டே இடம். ஓராண்டு நல்ல மதிப்பெண் பெற்ற இருவர் அதைக் கேட்டால் கட்-ஆஃப் உயரும். மறு ஆண்டு கேட்பார் இல்லையென்றால் சரியும். "போன வருஷம் 170-க்குக் கிடைத்தது" என்ற ஒரே செய்தியை நம்பிப் பட்டியல் போடாதீர்கள். மூன்றாண்டுக் கட்-ஆஃபை எடுத்து, அவற்றுள் மிக உயர்ந்ததைப் பிள்ளையின் மதிப்பெண்ணோடு ஒப்பிடுங்கள். பேரீச்சங்காயில் ஒரு பங்கை விட்டுவைத்தது போல, இது நாம் விட்டுவைக்கும் பங்கு.

போட்டியே இல்லாமல், நிபந்தனை நிறைவேறினாலே கிடைக்கும் உதவிகளும் இருக்கின்றன. அவற்றை நம்மவர் அலட்சியம் செய்வதுதான் வருத்தம். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் மட்டுமே கிடைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் அவசரப்பட்டு முன்பணம் கட்டியவர் அதை இழக்கிறார். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்க்கு 2021 முதல் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் பெற்றால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. ஏழாம் வகுப்பில் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்ற எண்ணுபவர், எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதை அறிந்து மாற்றட்டும். மறுபுறம், பள்ளிவாசல் பலகையில் ஒட்டிய பழைய அறிவிப்புகளை நம்பாதீர்கள். சிறுபான்மை மாணவர்க்கு ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை இருந்த மத்திய உதவித்தொகையும், ஆய்வு மாணவர்க்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையும் 2022-ல் நிறுத்தப்பட்டன.

நம் மஹல்லாவில் நிகழ்ந்த ஒன்றைப் பெயரின்றிச் சொல்கிறோம். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பாதிக் கட்டணச் சலுகையோடு ஒரு பிள்ளை சேர்ந்தான். ஊரே மகிழ்ந்தது. ஒவ்வோர் ஆண்டும் குறிப்பிட்ட தரப்புள்ளியைக் காத்தால்தான் சலுகை தொடரும் என்ற வரி, சேர்க்கைக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு முதல் ஆண்டு ஆங்கிலப் பாடம் கடினமாக இருந்தது, புள்ளி சற்றே குறைந்தது, சலுகை நின்றது. தாயாரின் நகை வட்டிக்குப் போயிற்று. அதன் பிறகே பைத்துல்மாலுக்குத் தகவல் வந்தது. வட்டியின் பாவத்தைப் பற்றி மிம்பரில் நாம் எத்தனை பயான் செய்தாலும், கட்டணத்திற்குக் கடைசித் தேதி நெருங்கிய வீட்டில் அது எடுபடுவது கடினம். கணக்கைச் சேர்க்கைக்கு முன்னரே போட்டிருந்தால் அந்த வீட்டின் நகை வீட்டிலேயே இருந்திருக்கும்.

எனவே சேரும் முன் முழுப் படிப்புக்கும், அதாவது நான்கு ஆண்டுக்கும், சலுகை இல்லாமல் ஆகும் தொகையை ஒரு தாளில் எழுதுங்கள். சலுகை தொடர்ந்தால் ஆகும் தொகையை அருகில் எழுதுங்கள். முதல் தொகையைப் பார்த்ததும் நெஞ்சு அடைத்தால், சலுகையின் நிபந்தனையைப் பிள்ளையோடு அமர்ந்து ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். விண்ணப்பிக்கும் கல்லூரிகளுள் எந்த உதவியும் இல்லாமலே கட்டக்கூடிய ஒன்றாவது இருக்கட்டும். திண்டிவனத்திலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரியும், அரசு கலைக் கல்லூரியும் இருக்கின்றன. வீட்டிலிருந்தே சென்று வரலாம். விடுதிச் செலவும் மிச்சம். அருகில் இருப்பதனாலேயே அவை நம் கண்ணுக்குச் சிறியனவாகத் தெரிகின்றன.

இவ்வாண்டு பிளஸ் டூ எழுதும் பிள்ளைகளின் பெற்றோர், தேர்வு முடிவுக்குக் காத்திராமல், வருமானச் சான்று, முஸ்லிம் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்ததும், பணம் கட்டும் முன்பு, அதை எடுத்துக்கொண்டு இஷாவுக்குப் பின் பள்ளிவாசலுக்கு வாருங்கள். இரண்டாம் பக்கத்தையும் சேர்த்துப் படித்துப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.