தொட்டிக் கொசுவும் இரண்டு கணக்குகளும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையோரம் எப்போதும் ஏதாவதொரு கட்டடம் எழும்பிக்கொண்டுதான் இருக்கிறது. கட்டுமான இடமென்றால் மூடியில்லாத சிமெண்ட் தொட்டியும் டிரம்மும் இருக்கும். நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம். முட்டையிட அது தேடுவது இந்த நல்ல தண்ணீரைத்தான். சென்னையின் கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் நெடுங்காலமாகக் குடியிருக்கும் கொசு அது.

1897இல் செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டவர் ரொனால்ட் ராஸ். பிற்பாடு அவரே ஒரு கணக்கும் போட்டார்: கொசுவை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை, எண்ணிக்கையை ஓர் அளவுக்குக் கீழே இறக்கினாலே நோய் அடங்கிவிடும். பெரிய நம்பிக்கை தந்த கணக்கு. ஆனால் அதில் வரும் கொசு என்றும் ஒரே கொசு.

உண்மைக் கொசு மாறுகிறது. 1953இல் நாடு தழுவிய மலேரியாத் திட்டம் டி.டி.டி. தெளிப்போடு தொடங்கியது. 1960களின் நடுவில் நோயாளிகள் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு லட்சமாகக் குறைந்தார்கள். 1976இலோ 64 லட்சம்! காரணங்கள் பல, மருந்துக்குச் சாகாத கொசு அவற்றில் முக்கியமான ஒன்று.

தொட்டிக்குள் நடப்பதைப் பாருங்கள். மருந்து ஊற்றியதும் பெரும்பாலான புழுக்கள் செத்துவிடுகின்றன. தாக்குப்பிடித்த சிலவற்றுக்கு இனி போட்டியில்லை, இரையெல்லாம் அவற்றுக்கே. அவை வளர்ந்து, தம் எதிர்ப்புத் தன்மையைச் சந்ததிக்குக் கொடுக்கின்றன. எண்ணிக்கை சரிந்ததால் மரபு மாறுகிறது. மரபு மாறியதால் எண்ணிக்கை மறுபடி ஏறுகிறது. இயற்கைத் தேர்வைக் கணிதமாக்கியவர்களில் ஒருவர் ஹால்டேன், 1957இல் இந்தியாவுக்கே குடிவந்தவர். ராஸ் வழிக் கணக்கையும் ஹால்டேன் வழிக் கணக்கையும் பிணைத்தால்தான் இந்தச் சுழல் பிடிபடும்.

அப்படிப் பிணைத்துப் பார்க்கும்போது தொட்டி மூடியின் மதிப்பு தெரிகிறது. மருந்து, தாங்கும் கொசுவை மட்டும் மிச்சம் வைக்கிறது. மூடியோ தாங்குவது, தாங்காதது இரண்டையுமே உள்ளே விடுவதில்லை. அதனால் முதலில் மூடி, பிறகுதான் மருந்து என்பேன்.

இந்தக் கொசு நம் ஊர்க் கவலை மட்டுமல்ல. இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடென்று உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் ஸ்டீபன்சி கண்டுபிடிக்கப்பட்டது.

மருந்து இன்னும் கொசுவைக் கொல்கிறதா என்று அறிய, மருந்து தடவிய தாளுள்ள குழாயில் கொசுக்களை ஒரு மணி நேரம் அடைத்து, மறுநாள் எத்தனை செத்தன என்று எண்ணும் சோதனை இருக்கிறது. 90 விழுக்காட்டுக்குக் கீழே செத்தால் எதிர்ப்பு வந்துவிட்டதென்று பொருள். புதுத் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் தோண்டும்போதே, தொட்டிகளின் கணக்கோடு இந்தச் சோதனையும் நடக்க வேண்டும்.